சிலாபத்தில் 42,000 ரூபாவுக்கு வீடு: கையில் உண்மையாக மிஞ்சுவது எவ்வளவு?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் தருகிறேன்.

நாலு வருடமாக ஒரு தொடர்மாடியில் இரண்டு அறை வீடு, மெயின்டனன்ஸோடு சேர்த்து மாத வாடகை 95,000. கணவருக்குப் புறக்கோட்டையில் மொத்த வியாபாரக் கடையொன்றில் கணக்கு வேலை. மகள் தரம் 9, மகன் தரம் 4, கூடவே மாமியார். வீட்டுக்காரர் கனடாவில், வாடகை வாங்குவது அவருடைய தம்பி. வந்தபோது 6 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து, முத்திரை ஒட்டிய பேப்பரில் இரண்டு வருடத்துக்கு எழுதிக்கொண்டார்கள். அது முடிந்து இரண்டு வருடமாகிவிட்டது, யாரும் புதுப்பிக்கவில்லை. இப்போது தம்பியார் வட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியிருக்கிறார்: அடுத்த மாதத்திலிருந்து 135,000, சரிவராவிட்டால் இரண்டு கிழமையில் வீட்டைத் தாருங்கள், அட்வான்ஸில் பெயின்டுக்கும் பாத்ரூம் திருத்தத்துக்கும் கழித்துவிட்டுத்தான் மிச்சம்.

மாமியாரின் ஊர் உடப்பு. அந்தப் பக்கத்து உறவினர் ஒருவர் மூலம் சிலாபத்தில் முன்னேஸ்வரம் போகும் வழியில் ஒரு மேல்மாடி வீடு கிடைத்திருக்கிறது, 42,000 ரூபா. கீழே வீட்டுக்காரர் குடும்பம். ஒரு வருட வாடகையை முன்கூட்டியே கேட்கிறார்கள், "நமக்குள்ள பேப்பர் போதும்" என்கிறார்கள். கணவர் கிழமை நாட்களில் கொட்டாஞ்சேனையில் நண்பரின் அறையில் 15,000 கொடுத்துத் தங்கலாம். வத்தளைப் பக்கம் ஹெந்தளையிலும் ஒரு வீடு பார்த்தார்கள், 70,000. "அதுவும் கொழும்பு மாதிரித்தானே" என்று விட்டுவிட்டார்கள். சிலாபம் வடமேல் மாகாணம் என்பதால் சட்டம், வரி, லைட் பில் எல்லாமே வேறாக இருக்குமா, மாதம் 53,000 மிஞ்சுமா, இதற்கிடையில் ஒரு தரகர் சொல்லும் பத்துப் பேர்ச் காணியை வாங்கலாமா என்பது கேள்வி. புது வீட்டு அட்வான்ஸுக்கு நகையை அடகு வைக்கப் போவதாகக் கடைசி வரியில் ஒரு மூலையில் எழுதியிருக்கிறார். எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் பட்டது.

சகோதரி, மாகாணக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். மகா ஓயாவைத் தாண்டினால் மாகாணம் மாறும், வாடகைச் சட்டம் மாறாது. நாடு முழுவதற்கும் ஒரே சட்டம்தான். மின்சாரக் கட்டணமும் அப்படியே, பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அங்கீகரிக்கிற ஒரே கட்டணம் வெள்ளவத்தைக்கும் சிலாபத்துக்கும். சமையல் காஸ் மாவட்டத்துக்கு மாவட்டம் கொஞ்சம் கூடிக் குறையும், கொழும்பை விட்டுத் தூரப் போனால் கூடும், அதெல்லாம் பெரிய காசில்லை. ஆக, அங்கே உண்மையாக மலிவாவது வாடகை ஒன்றுதான், அந்த மலிவை எது தின்னும் என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

நாலு வருடம் இருந்தால் எழுப்ப முடியாதா?

"இத்தனை வருடம் இருந்த எங்களைச் சும்மா எழுப்ப முடியாது என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். பழைய கதை அது. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்பவருக்குப் பெரிய பாதுகாப்புக் கொடுத்தது உண்மை, அதை வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாகப் பழைய வாடகையில் இருந்த குடும்பங்களைக் கொழும்பில் நானும் கண்டிருக்கிறேன். ஆனால் 1980 ஜனவரி 1க்குப் பிறகு கட்டிய குடியிருப்பு வீடுகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. நீங்கள் இருக்கும் தொடர்மாடி லிப்ட், கீழ்த்தளப் பார்க்கிங் எல்லாம் உள்ள கட்டடம் என்று எழுதியிருப்பதால் அது 80க்குப் பிறகு எழும்பியதாகத்தான் இருக்க வேண்டும். அப்படியானால் வாடகைக்கு உச்சவரம்பு கிடையாது, வருடக் கணக்கில் இருந்ததால் தனி உரிமையும் வராது.

ஆனால் தம்பியார் சொல்வதும் சட்டமில்லை. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது 1840இலேயே வந்த மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் விதி. உங்கள் பேப்பர் நொத்தாரிசு எழுதியதல்ல, அதோடு காலமும் முடிந்துவிட்டது. ஆகவே நீங்கள் மாதத்துக்கு மாதம் இருக்கும் வாடகைக்காரர். உங்களை எழுப்புவதற்கு ஒரு முழு மாத அறிவித்தல் வேண்டும். மாத நடுவில் அறிவித்தல் தந்தால் அடுத்த மாத முடிவுவரை காலம் உண்டு, இரண்டு கிழமைக் கதை எடுபடாது. அறிவித்தல் காலம் முடிந்தும் நீங்கள் போகாவிட்டால் அவர் மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், பூட்டை மாற்றுவதும் தண்ணீரை வெட்டுவதும் கூடாது. அப்படி யாராவது செய்தால் உடனே பொலிஸில் முறைப்பாடு போடுங்கள். பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் இரண்டு மாதத்துக்குள் விஷயத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனால், 1979ஆம் ஆண்டின் முதனிலை நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு நடவடிக்கையில் அவரைத் திரும்ப உள்ளே அமர்த்த வழியிருக்கிறது. அந்த அளவுக்குப் போகாது என்றுதான் நினைக்கிறேன், கனடாக்காரருக்கும் வழக்கு வேண்டியிருக்காது.

இன்னொன்று, தம்பியாரிடம் அண்ணன் கொடுத்த அற்றோணித் தத்துவம், அதாவது அவருக்குப் பதிலாகச் செயற்படும் எழுத்து அதிகாரம், இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். மரியாதையாகவே கேட்கலாம்: "அட்வான்ஸ் கணக்கை முடிக்க யாருடன் எழுத வேண்டும் என்று தெரிய வேண்டும், அதுதான் கேட்கிறேன்." நேரே அண்ணனுக்கும் ஒரு செய்தி அனுப்புங்கள். பல வீடுகளில் தம்பி சொல்லும் வாடகை ஒன்று, அண்ணன் நினைத்திருக்கும் வாடகை இன்னொன்று. உங்கள் விஷயத்தில் அப்படி என்று சொல்லவில்லை.

6 லட்சத்துக்கு வருவோம். நாலு வருடம் குடியிருந்த வீட்டில் பெயின்ட் மங்குவது இயல்பான தேய்மானம். ஒப்பந்தத்தில் "வெளியேறும்போது பெயின்ட் அடித்துத் தர வேண்டும்" என்று தனியாக எழுதியிருந்தாலொழிய அதற்குக் கழிக்க அவருக்கு இடமில்லை. உடைத்தது, வெடித்தது, கழற்றியது, இவற்றுக்குக் கழிக்கலாம். பாத்ரூமில் என்ன திருத்தம் என்று எழுத்தில் கேளுங்கள்; பழைய குழாய் ஒழுகுவது உங்கள் தலையில் விழக் கூடாது. அட்வான்ஸ் கொடுத்ததற்கான பற்றுச்சீட்டு அல்லது பாங்க் மாற்றல் இருந்தால் இன்றே ஒரு பிரதி எடுத்து வையுங்கள், வட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். இலத்திரனியல் செய்திகளுக்கும் 2006ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அங்கீகாரம் தருகிறது.

அட்வான்ஸை "இருந்து கழிப்பது" என்று ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். 95,000 வீதம் ஆறு மாதம் 5,70,000, ஏறக்குறைய உங்கள் காசு முழுவதும். நல்ல வழிதான், ஆனால் வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதித்தால் மட்டும். நீங்களாக வாடகையை நிறுத்தினால் நாளைக்கு "வாடகை பாக்கி வைத்த ஆள்" என்று உங்கள் பெயரில்தான் குற்றம் வரும், கையிலிருக்கும் நல்ல பிடி நழுவிவிடும்.

53,000 மிஞ்சும் என்ற கணக்கு

95,000இல் 42,000 கழித்தால் 53,000. கழித்தல் சரி, கணக்குப் பிழை. கணவர் கொட்டாஞ்சேனையில் தங்கினால் அறைக்கு 15,000. கடைச் சாப்பாடு ஒரு நாளைக்கு 1,200 என்று குறைவாகவே போட்டாலும், மாதம் 22 வேலை நாளுக்கு 26,400. கிழமைக்கொரு தடவை போய்வர பஸ், ரயில், ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ என்று மாதம் ஒரு 5,000. வாடகையோடு கூட்டினால் 88,400. அவர் வீட்டில் சாப்பிடாததால் உங்கள் அடுப்பில் ஒரு பத்தாயிரம் குறையும் என்று வைத்தால் 78,400.

இப்போது நீங்கள் வேண்டாமென்று விட்ட ஹெந்தளை வீட்டைப் பாருங்கள். 70,000, கணவருக்குக் கோட்டை பஸ்ஸுக்கும் அவ்வப்போது ஆட்டோவுக்கும் ஏழாயிரம், ஆக 77,000. இரண்டும் ஒன்றுதான்! வித்தியாசம் என்னவென்றால் ஒன்றில் அப்பா ஒவ்வொரு இரவும் வீட்டில் இருக்கிறார், மற்றதில் சனி ஞாயிறு மட்டும். மகளை இப்போதைய பாடசாலையிலேயே விட்டால் வேனுக்கு ஒரு 15,000 சேர்ந்து ஹெந்தளை 92,000 ஆகும், அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனாலும் 135,000உடன் ஒப்பிட்டால் 43,000 குறைவு.

"அவர் தினமும் ரயிலில் போய் வந்தால்?" என்று கேட்பீர்கள். காசுக் கணக்கில் அதுதான் வெல்லும், சீசன் டிக்கெட் எடுத்தால் போக்குவரத்து மிக மலிவு. ஆனால் சிலாபத்திலிருந்து கோட்டைக்கு 80 கிலோமீற்றர், புத்தளம் பாதையில் பல இடங்களில் ஒற்றைத் தண்டவாளம், எதிரே வரும் ரயிலுக்காக ஸ்டேஷனில் நின்று நின்று போகும். ஒரு வழிக்கே இரண்டரை மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிகாலை இருட்டில் புறப்பட்டு இரவில் வந்து சேருகிறவர் நாலைந்து மாதத்தில் கொட்டாஞ்சேனை அறையைத் தேடிப் போவார், அப்போது கணக்குத் திரும்பவும் 78,400க்கு வந்து நிற்கும். கட்டுநாயக்க அதிவேகப் பாதை இருக்கிறதே என்று சொல்லாதீர்கள், அது கட்டுநாயக்கவோடு முடிகிறது, அதற்கப்பால் நீர்கொழும்பு, வென்னப்புவ, மாரவில என்று பழைய வீதிதான்.

மேல்மாடி வீட்டில் தனி மின் மீட்டர் இல்லை, கீழ் வீட்டு மீட்டரிலிருந்து பிரித்த சப் மீட்டர்தான் என்று எழுதியிருந்தீர்கள். இதைச் சாதாரணமாக விடாதீர்கள். வீட்டு மின்சாரத்தில் யூனிட் கூடக் கூட ஒரு யூனிட்டின் விலையும் படிப்படியாக ஏறும், 180 யூனிட்டைத் தாண்டினால் அதற்கு மேல் போகும் யூனிட்டுக்குத்தான் உச்ச விலை. நீங்கள் 100 யூனிட், கீழ் வீடு 120 யூனிட் என்றால், இரண்டு தனி மீட்டரில் ஒருவருமே அந்தப் படியைத் தொடமாட்டீர்கள். ஒரே மீட்டரில் 220. பில்லைச் சரிபாதி பிரித்தாலும் நஷ்டம், "மேலே வந்தவர்களால்தான் கூடியது" என்று உச்சப் படியை உங்கள் தலையில் கட்டினால் இன்னும் நஷ்டம். தண்ணீர் பில்லும் இதே மாதிரிப் படிக் கணக்குத்தான். தனி மீட்டர் எடுத்துத் தரச் சொல்லுங்கள், அல்லது எப்படிப் பிரிப்பது என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

சிலாபத்து வீட்டுப் பேப்பர்

ஒரு வருட வாடகை 5,04,000, தரகு, லொறி, புதுச் சாமான். இத்தனையும் கொழும்பு அட்வான்ஸ் கைக்கு வருவதற்கு முன்னால். அதனால்தான் நகை அடகு. நான் பயப்படுவது இந்த இடைவெளிக்குத்தான்: பழைய வீட்டில் 6 லட்சம் மாட்டிக்கொண்டிருக்கும், புது வீட்டில் 5 லட்சம் போயிருக்கும், நடுவில் அடகுக் கடை வட்டி ஓடிக்கொண்டிருக்கும். அட்வான்ஸ் முழுவதும் திரும்பி வரும் நாளும் தொகையும் எழுத்தில் வரும்வரை நகையைத் தொடாதீர்கள்.

போவதென்றே முடிவானால் மூன்று மாத முற்பணத்தில் பேச்சைத் தொடங்குங்கள், ஆறுக்கு மேல் போக வேண்டாம். "நமக்குள்ள பேப்பர்" என்பதை ஒப்புக்கொள்ளாதீர்கள், நொத்தாரிசுக் குத்தகையாக எழுதிக் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். அந்தச் செலவுக்கு வீட்டுக்காரர் முகம் சுளித்தால் அவருக்கே உள்ள இலாபத்தை எடுத்துச் சொல்லுங்கள். 2023இல் வந்த 1ஆம் இலக்கச் சட்டம், நொத்தாரிசு எழுதிப் பதிந்த குத்தகை முடிந்ததும் வீட்டை விரைவாக மீட்க உரிமையாளருக்குச் சுருக்க வழி கொடுக்கிறது. உங்களுக்கோ அந்தப் பத்திரம் எழுதிய காலம் முழுவதும் உறுதியான வாடகை. செலவைப் பாதி பாதி போடுவோம் என்றால் அநேகமாக ஒத்துக்கொள்வார்.

கையெழுத்து வைப்பதற்கு முன் வீட்டு உறுதியின் பிரதியை வாங்கி, பதிவகத்தில் தோம்பு (காணிப் பதிவேடு) பார்க்கச் சொல்லுங்கள். வீடு பாங்கில் ஈடு வைக்கப்பட்டிருக்கிறதா என்பது அதில் தெரியும். கடன் கட்டாமல் பாங்க் பராட்டே அதிகாரத்தில், அதாவது வழக்குப் போடாமலே, ஏலம் போட்டால் நீங்கள் முன்கூட்டிக் கொடுத்த காசுக்கு வீட்டுக்காரரைத்தான் துரத்த வேண்டிவரும். அப்புறம் மொழி. அந்தப் பக்கத்தில் பத்திரங்கள் பெரும்பாலும் சிங்களத்தில்தான் எழுதுவார்கள், நொத்தாரிசுமாருக்கு எந்த மொழியில் எழுத அனுமதி என்பதும் தனித்தனி. தமிழில் எழுதக்கூடியவரைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் தெரிந்த ஒருவரை வைத்து வரிக்கு வரி வாசித்துக் கேட்டபிறகு கையெழுத்து.

பத்துப் பேர்ச் காணி

இப்போது வேண்டாம். வீடு மாறும் அவசரத்தில் காணி வாங்குவது இரண்டு தோணியில் கால் வைக்கிற வேலை. தரகர் 15 லட்சம் சொல்கிறார் என்றால் செலவு அதோடு நிற்காது. முத்திரைத் தீர்வை மாகாணத்துக்குப் போகும் காசு, மேல் மாகாணத்தில் முதல் ஒரு லட்சத்துக்கு 3 சதவீதம், மிச்சத்துக்கு 4 சதவீதம், அந்தக் கணக்கில் 59,000. வடமேல் மாகாணத்தில் இதைவிடப் பெரிய மலிவை எதிர்பார்க்காதீர்கள். நொத்தாரிசு, நில அளவை வேறு. தென்னங்காணியைத் துண்டு போட்டு விற்பதற்குச் சட்டக் கட்டுப்பாடு உண்டு, கடலோரம் 300 மீற்றருக்குள் என்றால் கட்டடத்துக்குக் கரையோரம் பேணல் திணைக்கள அனுமதி வேண்டும், தெதுரு ஓயா பெருகினால் அந்தத் துண்டில் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று தரகரிடம் கேட்காமல் பக்கத்து வீட்டில் கேட்க வேண்டும். ஆறுதலாகப் பார்க்க வேண்டிய விஷயம்.

என்னைக் கேட்டால் வரிசை இதுதான். முதலில் இருக்கிற வீட்டில் பேசுங்கள்: 110,000க்கு ஒரு வருடம், நொத்தாரிசுக் குத்தகை, புது அட்வான்ஸ் இல்லை. வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்தாலே அவருக்கு ஒரு மாத வாடகை போகும், அதற்கு மேல் தரகு, பெயின்ட், ஆகவே 135,000 என்பது கேட்டுப் பார்க்கும் விலைதான். அது சரிவராவிட்டால் ஹெந்தளை. சிலாபம், கணவருக்கு அந்தப் பக்கம் வேலை கிடைக்கிற நாளில். மாமியாருக்கு ஊர்ப் பக்கம் போக ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த ஆசையை நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை, ஆனால் தரம் 9இல் இருக்கும் பிள்ளைக்குச் சாதாரண தரம் வரைக்கும் இரண்டு வருடம்தான் இருக்கிறது.

மகளைப் பற்றி ஒன்று. புத்தளம் மாவட்டத்துக்கு முகவரி மாறினால் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி குறையும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். முகவரியை வைத்து அதை முடிவு செய்வதில்லை. உயர்தரத்துக்கு முந்திய மூன்று வருடம் பிள்ளை எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தார் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அதற்காக இப்போதே குடும்பத்தைப் பெயர்க்க வேண்டியதில்லை.

இன்றிரவு தம்பியாருக்கு அனுப்ப வேண்டிய செய்தி: "நாங்கள் மாத வாடகையில் இருக்கிறோம், ஒரு முழு மாத அறிவித்தல் எழுத்தில் தாருங்கள். இந்த மாத வாடகை 95,000 வழமைபோல் கணக்கில் போடுகிறோம். அட்வான்ஸ் 6 லட்சத்தில் என்னென்ன கழிக்கப் போகிறீர்கள் என்று விவரம் அனுப்புங்கள்." கோபமாக ஒரு சொல்லும் வேண்டாம். வாடகையை பாங்க் மூலமே போடுங்கள், கையில் கொடுக்காதீர்கள். இரண்டு கிழமைக்குள் ஒழுங்கான பதில் வராவிட்டால் மத்தியஸ்த சபையில் பேசிப் பார்க்கலாம், அதற்கு முன் ஒரு சட்டத்தரணியின் கடிதம் போதுமானதாகவும் இருக்கலாம். எந்த வீட்டுக்குப் போனாலும் திறப்பைக் கொடுக்கும் நாளில் மின்சார, நீர் மீட்டர் வாசிப்பு, ஒவ்வொரு அறையின் படம், ஒப்படைத்த சாமான் பட்டியல் மூன்றையும் எடுத்து, பட்டியலில் தம்பியாரின் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.